யூரியா வேண்டாத வயல்

எரிவாயுக் கப்பல்கள் வருவது நின்றுபோன சில வருடங்களில் டெல்டாக் கல்யாணப் பத்திரிகைகளின் அடியில் ஒரு புது வரி முளைத்தது: ‘மொய்ப் பணம் தவிர்க்கவும், யூரியாவாக இருந்தால் மகிழ்ச்சி.’ எரிவாயு இல்லாமல் யூரியா இல்லை. யூரியா இல்லாமல் நெல் இல்லை என்று இரண்டு மூன்று தலைமுறையாக நம்பிப் பழகிவிட்ட பூமி அது. பெண் பார்க்க வந்தவர்கள் கை கழுவும் சாக்கில் கொல்லைப்பக்கம் போய், உர அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பஜ்ஜியைத் தொட்டார்கள். மூட்டை ஏற்றிய லாரிக்கு முன்னும் பின்னும் போலீஸ் ஜீப் ஓடியது. தங்களுக்குக்கூட இத்தனை ஜீப் வருவதில்லையே என்று சில அமைச்சர்கள் உள்ளூர வருந்தியதாகக் கேள்வி.

அந்தக் காலத்தில்தான் புதுக்கழனி நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ஏக்கர் வயலைச் சுற்றி முள்கம்பி போட்டு இரண்டு காவலாட்களை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போட்ட யூரியாவை யாரும் அள்ளிப் போய்விடக் கூடாதே என்பதற்காக அல்ல. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போட்டுவிடக் கூடாதே என்பதற்காக.

காவல் போடச் சொன்னவள் மங்கையர்க்கரசி. மரபணு விஞ்ஞானி. பதினொரு வருடமாக ஒரே நெல்லோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று நிலையத்தில் கேலி செய்வார்கள். கல்யாணம் ஒருமுறை நிச்சயமாகி, நாற்று நடவுக்கும் முகூர்த்தத்துக்கும் தேதி மோதியபோது, அவள் நடவைத் தேர்ந்தெடுத்தாள். அந்த மாப்பிள்ளை இப்போது கனடாவில் இருக்கிறார். நெல் இங்கே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வராது. நட்டு மூன்று வாரமாகியும் நோஞ்சான் பிள்ளை போல வெளிறி, மஞ்சள் பாய்ந்து நின்றது.

“மேடம், தப்பா நினைக்காதீங்க,” என்றார் பண்ணை மேலாளர் இருதயராஜ். வரப்பில் நின்று தொப்பியைக் கழற்றி, துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டார். “இது பொழைக்கும்னு எனக்குத் தோணல.”

“பசியில இருக்கு, இருதயராஜ். பசி தெரிஞ்சாத்தான் அது வேலையைத் தொடங்கும்.”

“என்ன வேலை?”

“வேர் ஒரு விதமான சர்க்கரையைக் கசிய விடும். நாம அதோட மரபணுவுல பண்ணி வச்சிருக்கிற மாத்தம் அதுதான். அந்தச் சர்க்கரைக்கு ஆசைப்பட்டு மண்ணுல இருக்கிற பாக்டீரியா வேர்ல வந்து குடியேறும். குடியிருக்கிறதுக்கு வாடகையா, காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுப் பயிருக்குக் கொடுக்கும். காத்துல முக்கால்வாசிக்கு மேல அதுதானே? கப்பல்ல வர வேண்டியதில்ல.”

“சரி. நடுவுல ஒரு பிடி யூரியா போட்டா குடியா முழுகிடும்?”

“முழுகிடும். சோறு வாசலுக்கே வந்தா யாரு உலை வைப்பா? பயிர் சர்க்கரையை நிறுத்திடும். பாக்டீரியா மூட்டை முடிச்சைக் கட்டிடும். அப்புறம் அந்தப் பருவம் முழுக்க அது சோம்பேறிதான்.”

இருதயராஜ் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “எங்க மச்சான் கதைதான் மேடம்,” என்றார். அதற்குமேல் அவருக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை.

மங்கையர்க்கரசிக்கு இருந்த கவலை விஞ்ஞானம் பற்றியது அல்ல, மனிதர்கள் பற்றியது. நிலையம் அவளுக்குக் கொடுத்திருந்த கடைசிப் பருவம் இது. ஒரு பொட்டு யூரியா இல்லாமல் இந்த வயல் விளைந்து காட்டினால் நெல் வெளியே போகும். இல்லையென்றால் விதைகள் குளிர்கிடங்குக்குப் போகும்; நிலத்தில் கருத்தரங்க மாளிகை எழும்பும். வரைபடம்கூடத் தயார். அதில் வயல் இருந்த இடத்தில் நீரூற்று.

பயிர் பசியோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஊர் ஜனங்களால் முடியாத காரியம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பத் தெரியாதவர்கள். வெளுத்த பயிரை எப்படித் தாண்டிப் போவார்கள்? ஒருநாள் காலையில் காவலாட்கள் பக்கத்து வயல் தவமணியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முந்தானையில் இரண்டு பிடி யூரியா. ரேஷனில் கிடைத்த தன் பங்கிலிருந்து எடுத்தது.

“ஏம்மா, உங்க வயலுக்கே பத்தாதே?” என்றாள் மங்கையர்க்கரசி.

“பத்தாதுதான். ஆனா தெனம் இந்தப் பக்கமா போறேன், பார்க்கச் சகிக்கல. பெத்த தாய் இருந்தா இப்படி விடுவாளா?” என்று கேட்டுவிட்டு, கேட்டது விஞ்ஞானியிடம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நீங்க படிச்சவங்க. உங்களுக்கு மனசு கல்லு.”

தவமணியின் முந்தானையை ஒருவிதமாகச் சமாளித்தாகிவிட்டது. அடுத்து வந்ததற்குத்தான் முள்கம்பி போதவில்லை.

நிலையத்தின் இயக்குநர் முனைவர் கார்மேகவண்ணன். அவருடைய பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பார்க்க வந்தவருக்கு வந்த காரியம் மறந்துவிடும்; அவ்வளவு பட்டங்கள். நெல் வயலில் அவர் கடைசியாகக் கால் வைத்தது எப்போது என்று நிலையத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்தபோது கீழே கம்பளம் இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. அவர் மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டு, லாட்டரி விழுந்தவர் முகத்தோடு சொன்னார்.

“மங்கை, வேளாண் அமைச்சரே வர்றார்! மாண்புமிகு உடையப்பன் அவர்கள். வெறுங்கையோட இல்ல. நம்ம வயலுக்குன்னு ஒரு மூட்டை யூரியா கொண்டுவர்றார். நம்ம ஊர் யூரியா மாதிரி வேப்பெண்ணெய் பூசாத அசல் வெள்ளை. ஏதோ ஒரு நாட்டு அதிபர் அன்பளிப்பா அனுப்பினது. அவர் கையாலேயே தூவப்போறார்.”

“சார், அந்த வயலுக்கு யூரியா போடக் கூடாது. போட்டா ஆராய்ச்சியே…”

“தெரியும், தெரியும்.”

“பதினொரு வருஷம் சார்.”

“அமைச்சர் நடந்து வர்றது பதினோரு நிமிஷம். அதுக்குள்ள பயிர் வெளுத்துக் கிடக்கிறது படத்துல வந்தா என்ன சொல்வாங்க? ‘விஞ்ஞானிகள் பயிரைப் பட்டினி போட்டார்கள், அமைச்சர் அன்னமிட்டார்.’ தலைப்பு நானே எழுதிக் கொடுத்துட்டேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அமைச்சர் கொடுக்கிறதை வேணாம்னு சொன்னா நிலையத்தையே மூடிடுவாங்கம்மா. எனக்கு ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.”

அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் அன்று அவர் சொன்னதில் உள்ளத்திலிருந்து வந்தது.

விழா நாள் காலையில் மூட்டை முன்னதாகவே வந்து சேர்ந்தது. ஜரிகை நாடா கட்டி, அரக்கு முத்திரை வைத்து, சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி இருந்தது. ஏற்பாடு இதுதான்: அதிலிருந்து ஒரு வெள்ளித் தட்டு நிறைய எடுத்து அமைச்சரிடம் நீட்ட வேண்டும். அவர் தூவுவார். படம் எடுப்பார்கள். மிச்ச மூட்டையை அவர் கிளம்பியபின் ஆட்கள் தூவ வேண்டும். தட்டு நிரப்பும் பொறுப்பு இருதயராஜுக்கு.

உரக் கிடங்கில் மூட்டையின் முன்னால் இருவரும் நின்றார்கள். கண்ணாடித்தாள் வழியாக உள்ளே வெள்ளை வெளேரென்று உருண்டை உருண்டையாகத் தெரிந்தது.

“மிச்சத்தை நான் பூட்டி வச்சிடறேன்,” என்றாள் மங்கையர்க்கரசி. “ஆனா தட்டுல இருக்கிறதே போதும். ஒரு மூலை கெட்டாலும் மொத்தக் கணக்கும் கெட்டுது.”

இருதயராஜ் குனிந்து உற்றுப் பார்த்தார். “எங்க வீட்டுல நாளைக்கு மாதா கோயில் திருவிழாவுக்குப் பாயசம் வைக்கறதுக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சிருக்கு மேடம். அச்சா இப்படித்தான் இருக்கும்.”

மங்கையர்க்கரசி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கி, சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடத் தொடங்கினார்.

“எவ்வளவு வச்சிருக்கீங்க?”

“மூணு கிலோ. சேலத்து ஜவ்வரிசி. நயம்.”

“உங்க வீட்டுக்காரம்மா?”

“அவகிட்ட ஆராய்ச்சிக்குன்னு சொல்லிக்கிறேன். பொய்யா அது?”

பதினோரு மணிக்கு நாதஸ்வரம் முழங்க அமைச்சர் உடையப்பன் வந்தார். கனத்த உடம்பு, அரைக் கண் மூடிய பார்வை; தூங்குகிறாரா, கணக்குப் போடுகிறாரா என்று சொல்ல முடியாத முகம். கார்மேகவண்ணன் பொன்னாடை போர்த்தினார். போர்த்தியது படத்தில் சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடி போர்த்தினார். வரவேற்புரையில் அமைச்சரை மழையென்றார், காவிரியென்றார், கடைசியில் ‘நடமாடும் நைட்ரஜனே’ என்றார். கூட்டம் கைதட்டியது. அமைச்சர் அரைக் கண்ணை முக்கால் கண்ணாகத் திறந்து அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

வரப்பில் கம்பளம். மழைத்தூறல். வெள்ளித் தட்டை நீட்டும்போது இருதயராஜ் தலையை நிமிர்த்தவே இல்லை. பக்தி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அமைச்சர் ஈரக் கையால் ஒரு பிடி அள்ளினார். அள்ளியவர் ஒரு கணம் நின்றார். உள்ளங்கையைப் பார்த்தார். மங்கையர்க்கரசியின் பதினொரு வருடமும் அந்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அமைச்சர் கையை உதறி வீசினார். பிளாஷ்கள் மின்னின. இன்னொரு பிடி. இன்னொன்று. “பசியாறட்டும்!” என்றார் மைக்கில். தவமணி வரப்போரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம். ‘பட்டினிப் பயிருக்கு அமைச்சர் அன்னம்: ஒரு மூட்டை யூரியா அர்ப்பணிப்பு.’ வயலில் வாத்துகள் மட்டும் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு மேய்ந்தன. அசல் மூட்டை, முத்திரை கலையாமல், மங்கையர்க்கரசியின் ஆய்வுக்கூட அலமாரியில் கிடந்தது.

ஐந்தாவது வாரத்தில் அது நடந்தது. ஒரு காலையில் இருதயராஜ் போனில் கூப்பிட்டு, “மேடம், வாங்க” என்று மட்டும் சொன்னார். அவள் செருப்பில்லாமல் ஓடினாள். நடுக் குருத்துகளில் பச்சை ஏறியிருந்தது. நாலாபக்கமும் ரேஷன் தீர்ந்து மற்ற வயல்கள் மஞ்சள் தட்டத் தொடங்கிய நேரத்தில், இந்த ஒரு ஏக்கர் மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு படி கரும்பச்சையாகக் கறுத்துக்கொண்டே போனது. அவள் ஒரு தூரைப் பிடுங்கி வேரை அலசினாள். வேர் நுனிகளில் வழவழவென்று மெல்லிய படலம். குடிவந்தவர்கள் வாடகை கட்டத் தொடங்கிவிட்டார்கள். சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இருதயராஜிடம் பின்னால் கேட்டார்கள். “ரெண்டும் இல்ல, வேருக்கு முத்தம் கொடுத்தாங்க. நான் திரும்பிக்கிட்டேன்,” என்றார்.

அறுவடையில் நெல், முழு யூரியா கொட்டிய பழைய காலத்து வயல்களை முந்தியது. தூற்றிக் குவித்ததும் தவமணி வந்து ஒரு கை அள்ளி எடைபார்த்தாள். “அமைச்சர் கைராசி,” என்றாள்.

அவள் மட்டுமல்ல, ஊரே அதைத்தான் சொன்னது. தொலைக்காட்சி சொன்னது. கார்மேகவண்ணன் மூன்று கூட்டங்களில் சொன்னார். மங்கையர்க்கரசிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது: தந்திரம் தன் காலையே சுற்றுகிறது.

சென்னையில் விதை வெளியீட்டுக் குழு கூடியபோது அந்தச் சுற்று இறுகியது. நீள மேசை. தலைமாட்டில், நெல்லுக்குப் பெயர் சூட்ட வந்திருந்த அமைச்சர், கண்ணை மூடியபடி. குழுவில் சாரங்கன் என்று ஒரு முதியவர். ஓய்வு பெற்றும் கண்டிப்பு ஓய்வு பெறாத மனிதர். அறிக்கையையும் பத்திரிகைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“டாக்டர், இட்ட யூரியா பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க. ஒரு மூட்டை போட்டதை நாடே படம் பார்த்திருக்கு. ரெண்டுல ஒண்ணு பொய். எது?”

கார்மேகவண்ணன் முந்திக்கொண்டார். “அமைச்சர் திருக்கரத்தால் தூவியதை நாங்கள் உரமாகக் கணக்கிடவில்லை ஐயா. அதை ஆசியாகக் கணக்கிட்டோம்.”

“ஆசியில நைட்ரஜன் எத்தனை சதவீதம்?” என்றார் சாரங்கன்.

யாரோ இருமினார்கள். மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். வாயைத் திறக்காமலிருந்தால் சோதனை செல்லாது. விதை குளிர்கிடங்கில் தூங்கும். திறந்தால் ஒரு அமைச்சர் ஊரறியச் சேற்றில் பாயசம் வைத்தவர் ஆவார். அதன்பின் விதைக்கு மட்டுமல்ல, அவளுக்கும் குளிர்கிடங்குதான். பக்கத்தில் கார்மேகவண்ணன் மேசைக்கடியில் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்.

அவள் தலைப்பை விடுவித்துக்கொண்டாள்.

“தட்டுல இருந்தது ஜவ்வரிசி சார். யூரியா மூட்டை முத்திரையோட என் அலமாரியில இருக்கு. யாரு வேணும்னாலும் வந்து பார்க்கலாம். மாத்தச் சொன்னது நான். வேற யாருக்கும் சம்பந்தமில்ல.”

எல்லோரும் மெல்ல மெல்லத் தலைமாட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அமைச்சர் கண்ணைத் திறந்தார். முழுசாக.

“தெரியும்,” என்றார்.

கார்மேகவண்ணனின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் மேசையில் சாய்ந்தது.

“டாக்டரம்மா, நான் கட்சிக்கு வர்றதுக்கு முன்னாடி இருபது வருஷம் உரக்கடை வச்சிருந்தவன். ஈரக் கையில யூரியாவை அள்ளினா ஐஸைத் தொட்ட மாதிரி சில்லுன்னு ஏறும். உங்க சரக்கு கையில ஏறல, ஒட்டுச்சு.” உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “அத்தனை கேமரா முன்னாடி, ‘எனக்கு ஜவ்வரிசியைக் கொடுத்துட்டாங்க’ன்னு கத்தினா யாருக்கு அசிங்கம்? வீசிட்டு வந்துட்டேன். ராத்திரி கோவம் வந்துச்சு. ஆள் விட்டு விசாரிச்சேன், மூட்டை பிரிக்காம உங்க அலமாரியில இருக்குன்னாங்க. உங்களை எங்க தூக்கி அடிக்கலாம்னு யோசிச்சேன்.”

“அப்புறம் ஏன் சார்…”

“ஒரு பிடி யூரியாவுக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கிற காலம் இது. ஒரு மூட்டை வீடு தேடி வந்தும் ஒரு பொம்பள ஒளிச்சு வைக்கிறா, விக்கவும் இல்ல. அப்ப அவகிட்ட அதைவிடப் பெருசா ஏதோ இருக்குன்னு வியாபாரிக்குப் புரியாதா? சரி, விளையட்டும் பார்ப்போம்னு விட்டேன்.” சாரங்கன் பக்கம் திரும்பினார். “எழுதிக்கிங்க ஐயா. யூரியா பூஜ்யம். சாட்சி, நான்.”

அரை மணி கழித்து வாசலில் நிருபர்களிடம் அவர் சொன்னது வேறு. “உலக விஞ்ஞானிகளே எதிர்பாராத விதமாக, அன்றைய தினம் நான் திட்டமிட்டே ஜவ்வரிசி தூவினேன்! என் அரசு இரக்கத்தையும் கெடுக்காது, ஆராய்ச்சியையும் கெடுக்காது!” கார்மேகவண்ணன் பின்னால் நின்று, அந்தத் திட்டம் தன் அறையில்தான் உருவானது என்பதுபோலத் தலையாட்டினார். நெல்லுக்கு ‘உடையப்பன் பொன்மணி’ என்று பெயர் வைத்தார்கள். மங்கையர்க்கரசியின் பெயர் அழைப்பிதழில் ‘மற்றும் பலர்’ என்ற இடத்தில் இருந்தது. அவள் கண்ணுக்கு அது படவே இல்லை. விதை லாரிகளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பருவம் அறுபதாயிரம் ஏக்கர். அவளுக்குத் தூக்கம் போனது. ஒரு ஏக்கருக்கு முள்கம்பி போடலாம், அறுபதாயிரத்துக்கு? பயிர் வெளுக்கும் அந்த ஐந்து வாரமும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எத்தனை பேரால் முடியும்? பதுக்கிய மூட்டைகளைப் பிரித்துவிட மாட்டார்களா? நடவு முடிந்த சில நாளில் இருதயராஜ் போனில் கூப்பிட்டார்.

“மேடம், டெல்டா பூரா கடையில ஜவ்வரிசி இல்ல.”

“என்னது?”

“வயல் வெளுத்ததும் ஆளாளுக்கு ஒரு பிடி தூவறாங்க. மந்திரி தூவினாராம், விளைஞ்சதாம். பொம்பளைங்க குலவை வேற போடறாங்க. எங்க வீட்டுலயும் தூவியாச்சு.”

அவள் தலையில் கைவைத்தாள். இத்தனை வருட விஞ்ஞானம் கடைசியில் பாயசப் பொருளில் வந்து நின்றதே! மறுப்பு அறிக்கை ஒன்று தயாரித்தாள். ஜவ்வரிசியால் பயிருக்கு யாதொரு பயனும் இல்லை என்று ஆதாரங்களோடு இரண்டு பக்கம். அனுப்பப் போகும்போதுதான் ஒன்று தோன்றியது.

“இருதயராஜ், யூரியா?”

“அதை யாரு போடுவா? அதான் ஜவ்வரிசி போட்டாச்சே.”

அவள் அறிக்கையை அழித்தாள்.

பயிருக்குத் தேவைப்படவில்லை, கைகளுக்குத் தேவைப்பட்டது. கொடுத்துப் பழகிய கைகள் எதையோ கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயின. ஐந்து வாரம் கழித்து அறுபதாயிரம் ஏக்கரும் கறுத்தது. கார்மேகவண்ணன் ‘ஜவ்வரிசி மாவுச்சத்தும் மண் நுண்ணுயிரும்: ஒரு தத்துவ நோக்கு’ என்ற கட்டுரையை வெளிநாட்டில் வாசித்து இன்னொரு பட்டம் வாங்கிவந்தார். பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. சாகுபடிக் கையேட்டில் ‘ஏக்கருக்கு ஒரு பிடி ஜவ்வரிசி’ என்று அச்சிட அனுமதி கேட்டு மங்கையர்க்கரசியிடம் வந்தபோது, அவள் ‘ஒரு பிடிக்கு மேல் கூடாது’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டாள். விஞ்ஞானியல்லவா, அளவு முக்கியம்.

அதற்கு அடுத்த வருடம் ஒருநாள் கடலோரப் பக்கம் போய்க்கொண்டிருந்தவள், வெளிறிய வயல் ஒன்றைப் பார்த்துக் காரை நிறுத்தினாள். நடவாகி மூன்று வாரம் இருக்கும். சரியான பசி. வரப்பில் இறங்கிக் குனிந்தாள்.

“யாரும்மா அது? நில்லு!”

கைலியை மடித்துக் கட்டியபடி ஒரு ஆள் ஓடிவந்தார். முன்பின் தெரியாத ஊர், முன்பின் தெரியாத மனிதர்.

“கையில என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா பார்த்தேன்.”

“எல்லாரும் சும்மாதான் பார்க்கறாங்க. வெளுத்துக் கிடக்கேன்னு பரிதாபப்பட்டு வெளியூர்க்காரங்க எதையாவது வீசிட்டுப் போயிடறாங்க. படிச்சவங்கதான் ரொம்ப மோசம். அது பாட்டுக்கு உழைக்கப் போவுது, இப்பப் போய் ஊட்டி விட்டா கெட்டுடும். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாதுங்க,” என்றாள் மங்கையர்க்கரசி.

“காட்டுங்க கையை.”

அவள் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். அந்த மனிதர் குனிந்து, விரல் இடுக்கு வரைக்கும் சோதித்துப் பார்த்தார். அவள் எழுதிய எந்த ஆராய்ச்சி அறிக்கையையும் இதுவரை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.